கரெண்ட் தொட்டி

முள்ளியேந்தலில் பேச்சுவார்த்தை அறுந்த வீடுகளில் ஆடு கட்டாயம் இருக்கும். கறிக்கும் பாலுக்கும் எல்லா ஊரிலும் ஆடு வளர்க்கிறார்கள். இங்கே அதோடு பேசவும் வேண்டியிருந்தது. எதிராளி காதில் விழ வேண்டியதை ஆட்டின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டால் மனசும் ஆறும், பேசிவிட்டார்கள் என்ற பெயரும் வராது. சோணையம்மாளின் ஆட்டுக்குக் கருப்பி என்று பெயர். அவளுடைய கொழுந்தன் குருநாதனுக்குச் சேர வேண்டிய வசவையெல்லாம் தான் வாங்கிக்கொண்டு, அது பாட்டுக்கு அசை போட்டுக்கொண்டிருந்தது.

குருநாதனிடம் ஆடு இல்லை. எதிரில் எது நிற்கிறதோ அதுவே அவனுக்குப் போதும். பனைமரம், வேலி, மண்வெட்டி என்று எதனோடும் பேசுவான். ஒன்றும் கிடைக்காவிட்டால் வெயிலைப் பார்த்துப் பேசுவான்.

பகை கருமாதி அன்று ஆரம்பித்தது. சோணையம்மாளின் புருஷன் முனியசாமி செத்துப் பதினாறு முடிந்து, பந்தல்கூடப் பிரிக்கவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்த தலை ஈரத்தோடு தம்பிக்காரன் வந்து நின்று, "மதினி, மோட்டார் கரெண்டு சர்வீஸ் அண்ணன் பேர்ல கெடக்கு. அத எம் பேருக்கு மாத்தணும்" என்றான். அவன் கேட்டதில் நியாயம்கூட இருக்கலாம். கேட்ட நேரம்தான் நியாயமில்லாதது. உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் சோணையம்மாள் எழுந்து நின்றாள். "இனிமே இவன்கூட ஒரு வார்த்த பேசுனேன்னா நான் முனியசாமி பொண்டாட்டி இல்ல" என்றாள். சொன்னதைக் காப்பாற்றுகிற பெண்பிள்ளை என்று ஊரில் அவளுக்குப் பெயர் இருந்தது. அந்தப் பெயர் சில நாட்களில் அவளுக்கே பாரமாகவும் இருந்தது.

நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். கிணற்றைப் பிரிக்க முடியாது. ஒரே கிணறு, ஒரே மோட்டார், ஒரே மின்சாரக் கம்பி. இன்றைக்கு அவள் முறை என்றால் நாளைக்கு அவன் முறை. முறை மாறுவதற்கு அடையாளம் ஒரு மஞ்சப்பை. அதற்குள் மோட்டார் அறைப் பலகையிலிருந்து பிடுங்கிய மூன்று வெள்ளைப் பீஸ் கட்டைகள், அதாவது ஃபியூஸ்கள், இருக்கும். கட்டை இல்லாமல் மோட்டார் ஓடாது. பொழுது சாயும்போது முறை முடிந்தவர் பையைக் கிணற்றடிப் பூவரச மரத்தில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். அடுத்தவர் வந்து எடுத்துக்கொள்வார். இத்தனை விரோதத்திலும் அந்தப் பை ஒரு நாளும் தவறியதில்லை. முறைத்தண்ணீரைத் திருடியவன் என்ற பேச்சு வந்தால் அந்த ஊரில் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள்.

சோணையம்மாளுக்கு நிலம் கொஞ்சம்தான். பிழைப்பு நெல் அவிப்பில் ஓடியது. தை அறுப்பு முடிந்ததும் ஊரில் நெல் வாங்கி, ஊறவைத்து, அவித்து, காயவைத்து, மில்லில் அரைத்து அரிசியாகப் பரமக்குடிக்குக் கொண்டுபோவாள். நெசவாளர் தெருக்களில் அவள் அரிசிக்குத் தனி மதிப்பு. "சோணையம்மா அரிசி கொழையாது" என்று சொல்லி வாங்குவார்கள். அவிப்புக்கு வேண்டியது விறகு. விறகுக்குக் கண்மாயில் கருவேலமுள் காடாகக் கிடந்தது. யார் வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம் என்றுதான் அதுவரை இருந்தது.

அந்த வருடம் கண்மாய் முள்ளைக் குருநாதன் ஏலத்தில் எடுத்தான். முள்ளை மண்ணால் மூடிக் கரி சுடும் மூட்டம் போடுவதற்கு எடுத்தேன் என்று ஊரில் சொன்னான். யாருடைய அடுப்பை அணைப்பதற்கு எடுத்தான் என்று ஊருக்குத் தெரியும்.

அரிவாளும் கயிறுமாகக் கருப்பியை ஓட்டிக்கொண்டு சோணையம்மாள் கண்மாய்க் கரையில் ஏறியபோது, அவன் மூட்டத்துக்கு மண் பூசிக்கொண்டு நின்றான். அவளைப் பார்க்காமல் பக்கத்துப் பனையைப் பார்த்தான்.

"ஏ பனையே! கண்மாய்க்குள்ள இருக்குற முள்ளு பூராம் இப்ப எனக்குப் பாத்தியம். ஒரு சுள்ளி கொறஞ்சாலும் போலீஸ்ல போயி நிப்பேன். கேக்குறவுக கேட்டுக்கிருங்க."

சோணையம்மாள் ஆட்டின் கயிற்றைச் சுண்டினாள். "கேட்டியா கருப்பி! மழைக்குத் தானா மொளைச்ச முள்ளுக்கும் அப்பன் ஒருத்தன் வந்துட்டான்டி."

"அப்பன் இல்லாத வீட்டுலதான் ஆடு அம்பலம் பண்ணும் போல."

"வா கருப்பி, போவோம். கரியில பொரளுறவன் வாயி எப்பிடி வெளுப்பா இருக்கும்? அண்ணன் சோத்தத் தின்னு வளந்த ஒடம்பு அது. அண்ணன் பொண்டாட்டி அடுப்புல தண்ணி ஊத்துது."

"சோறு போட்டது எங்க ஆத்தா."

"ஆத்தா படுக்கையில கெடந்தப்ப போட்டது ஆரு கருப்பி? பேயா வந்து போட்டுச்சு?"

குருநாதன் மூட்டத்தின் பக்கம் திரும்பி மறுபடியும் மண் பூச ஆரம்பித்தான். பேச்சில் ஜெயித்தாலும் விறகு கிடைக்கவில்லை. சோணையம்மாள் வெறும் கயிற்றோடு திரும்பினாள். வீட்டில் வாங்கிப் போட்ட நெல் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. அதை அவிக்காமல் விட்டால் அந்த வருடச் சாப்பாடு போய்விடும். பரமக்குடி வாடிக்கையும் வேறு ஆளிடம் போய்விடும். அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

இந்தச் சமயத்தில்தான் சீனி முகம்மது வந்தார். பாம்பன்காரர், பக்கத்து ஊரில் பெண் கட்டியவர், மோட்டார் வயரிங் வேலை பார்ப்பார். ஸ்டார்ட்டரில் கோளாறு என்று அவள் முறை நாளில் வந்து பார்த்துவிட்டு, நீச்சத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். சோணையம்மாள் விறகுக் கதையைச் சொல்லித் தீர்த்தாள்.

"வெறகுக்கு என்னத்துக்கு அலையுறீக? கரெண்டுலயே தண்ணி கொதிக்கும்ல" என்றார் சீனி முகம்மது.

"ஹீட்டர் கம்பியா பாய்? அதெல்லாம் ஒரு சொம்புத் தண்ணிக்கு ஆகும். எனக்கு மூட்டை மூட்டையா நெல்லு அவியணும்."

"கம்பி இல்லக்கா. ராமேசுவரத்துல ஒரு லாட்ஜுல வேல பாத்தேன். வடநாட்டு ஆளுக தீர்த்தமாடிட்டு நடுங்கிக்கிட்டு வந்து சுடுதண்ணி கேப்பாக. ஹீட்டர் வாங்கி வாங்கிப் போட்டா அந்த உப்புத் தண்ணிக்கு ஒரு சீசன் தாங்காது. அப்புறந்தான் அந்த மேனேஜர் ரெண்டு இரும்புத் தகட்ட எதிரும் புதிருமா தண்ணிக்குள்ள நிறுத்துனாரு. இந்தத் தகட்டுக்கு ஒரு வயர், அந்தத் தகட்டுக்கு ஒரு வயர். நடுவுல இருக்குற தண்ணி வழியாவே கரெண்டு போகும். போற போக்குல தண்ணி சூடாகும். கம்பியும் இல்ல, ஒண்ணும் இல்ல. தண்ணியேதான் அடுப்பு."

"தண்ணி எரியுமா பாய்?"

"எரியாதுக்கா. கொதிக்கும். கொதிச்சு ஆவியா மேல போகும். உங்களுக்கு வேண்டியது ஆவிதான?"

அவள் நம்பவில்லை. அவர் மோட்டார் அறை மூலையில் கிடந்த இரண்டு தேய்ந்த மண்வெட்டித் தகடுகளை எடுத்து, நடுவில் பனஞ்சட்டம் வைத்துக் கட்டி, ஒரு மண்பானையில் இறக்கினார். பானையில் இருந்தது ஊருணியிலிருந்து அவள் குடிக்கக் கொண்டுவந்த நல்ல தண்ணீர். கரெண்டைக் கொடுத்துவிட்டு இருவரும் காத்திருந்தார்கள். வெற்றிலை போட்டு முடிந்தது. சுவிட்சை நிறுத்திவிட்டுத் தொட்டுப் பார்த்தால் தண்ணீர் பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டுகிற பதத்தில்தான் இருந்தது.

"இதுக்கா பாய் இம்புட்டுப் பேச்சு?" என்றாள்.

சீனி முகம்மது அதைக் கொட்டிவிட்டு, கிணற்றுத் தண்ணீரை ஊற்றினார். முள்ளியேந்தல் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க விளங்காது. மிளகாயும் பனையும்தான் அதைப் பொறுத்துக்கொள்ளும். சுவிட்சைப் போட்டதும் தகடுகளின் ஓரத்தில் பொடிப்பொடியாகக் கொப்புளம் கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் பானை முனக ஆரம்பித்தது. பிறகு தளதளவென்று கொதித்து ஆவி கூரையைத் தொட்டது. சோணையம்மாள் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"உப்புதான் கரெண்ட எடுத்துக்கிட்டு ஓடும். நல்ல தண்ணியில அது முடங்கிப்போகும். உங்க கிணத்துத் தண்ணிய இத்தன நாளா வைஞ்சீகள்ல, இப்பப் பாருங்க" என்றார். பிறகு முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு சொன்னார். "ஆனா ஒண்ணு. பீஸ் கட்ட மாட்டியிருக்கையில தண்ணிய விரலாலகூடத் தொடப்படாது. தண்ணி பூராம் கரெண்டு. அல்லா காப்பாத்தணும், தொட்டா ஆளு அங்கனயே காலி. இன்னொண்ணு, ஒவ்வொரு அவிப்புக்கும் பழைய தண்ணியக் கொட்டிரணும். ஆவியாப் போறது தண்ணி மட்டுந்தான். உப்பு தொட்டிக்குள்ளயேதான் கெடக்கும். ஏற ஏற கரெண்ட அளவுக்கு மேல இழுக்கும்."

கிணற்று வேலைக்கு வாங்கி மிஞ்சிய சிமெண்டு உறை வளையம் ஒன்று வாய்க்கால் ஓரத்தில் கிடந்தது. அதன் அடியைப் பூசித் தொட்டியாக்கினார்கள். அடியில் மண்வெட்டித் தகடுகள், அவை மூழ்கத் தண்ணீர், அதற்கு மேலே தண்ணீர் எட்டாத உயரத்தில் பனஞ்சட்டப் பரண், அதன்மேல் ஓலைப்பாய், பாயில் ஊறிய நெல், நெல்லுக்கு மேல் நனைந்த சாக்கு. தகடு கிடக்கிற தண்ணீர் துருவேறிச் சிவந்துவிடும் என்பதால் நெல்லில் அந்தத் தண்ணீர் படக்கூடாது. ஆவி மட்டும் பட வேண்டும். முதல் நாள் சாக்கைத் தூக்கிப் பார்த்தபோது நெல் வாய் பிளந்து, அவிந்த வாசனை வயல் முழுக்கப் பரவியது. புகை கிடையாது, கண்ணெரிச்சல் கிடையாது, முள் குத்தின கை கிடையாது. சோணையம்மாள் அந்தத் தொட்டியைச் சுற்றி வந்து கும்பிட்டாள். நிஜமாகவே கும்பிட்டாள்.

விவசாயத்துக்கு விட்ட இலவசக் கரெண்டு அது. மீட்டர் கிடையாது. நெல் அவிக்க அதைத் தொடக்கூடாது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. குருநாதனுக்கும் தெரியும். தன் வயல் கரைக்கு வந்து நின்று, மோட்டார் அறைப் பக்கம் வெள்ளையாக எழும்பும் ஆவியைப் பார்த்தான். முதலில் ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து ஓடிவந்தான். தீ இல்லை என்றதும் அவன் முகம் விழுந்துவிட்டது.

"ஏ மண்வெட்டி! அரசாங்கத்துக் கரெண்டத் திருடி நெல்லு அவிக்கிறாகளாம். ஆபீஸுல ஒரு தாக்கல் சொன்னாப் போதும், கம்பிய உருவிக்கிட்டுப் போயிருவான்."

"போகச் சொல்லு கருப்பி! கம்பி எனக்கு மட்டுமா வருது? எம் புருஷன் பேர்ல வந்த கம்பிய உருவுனா, பூவும் பிஞ்சுமா நிக்கிற மொளகாய்க்கு எவன் வந்து மூத்திரம் பெய்வான்னு கேளு."

குருநாதன் மண்வெட்டியால் வரப்பை ஓங்கி ஒரு வெட்டு வெட்டிவிட்டுப் போனான். ஒரே கம்பியில் கட்டிப்போட்ட இரண்டு மாடு மாதிரி ஆகிவிட்டது அவர்கள் நிலைமை. அவளுடைய கழுத்தை இறுக்க வேண்டுமென்றால் அவன் தன் கழுத்தையும் கொடுக்க வேண்டும்.

இந்த விரோதத்தில் ஒட்டாமல் இருந்தவள் குருநாதனின் மனைவி சேதுலட்சுமி ஒருத்திதான். புருஷனுக்குப் பயந்து பேச மாட்டாள். ஆனால் சாடையாகவும் ஒரு சொல் வைத்ததில்லை. கிணற்றடியில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி நின்று லேசாகச் சிரிப்பாள். போகும்போது இடுப்பிலிருந்து ஒரு பிடி அகத்திக்கீரையை எடுத்துக் கருப்பி வாயில் கொடுத்துவிட்டுப் போவாள். சோணையம்மாள் பார்க்காதது மாதிரி இருப்பாள். அவளுக்கு அந்தச் சிரிப்பு வேண்டியிருந்தது.

நாலைந்து அவிப்பு ஆனதும் சோணையம்மாள் ஒன்றைக் கவனித்தாள். பழைய தண்ணீரைக் கொட்டாமல், குறைந்ததை மட்டும் கிணற்றிலிருந்து நிரப்பினால் அடுத்த தடவை சீக்கிரமாகக் கொதித்தது. அதற்கடுத்த தடவை இன்னும் சீக்கிரம். பகலில் கரெண்டு வருகிற நேரமோ கொஞ்சம்தான். அதற்குள் கூடுதலாக ஒரு அவிப்பு முடிகிறது என்றால் யார் கொட்டுவார்கள்? சீனி முகம்மது சொன்னது ஞாபகம் இருந்தது. அவர் வந்து பார்க்கவா போகிறார் என்று விட்டுவிட்டாள். தொட்டித் தண்ணீர் செங்கல் குழைத்தது மாதிரி ஆனது. ஓரத்தில் வெள்ளையாகப் பூத்து நின்றது. ஒருநாள் கட்டையைப் பிடுங்கிவிட்டு, அதை விரலில் தொட்டு நாக்கில் வைத்தவள் காறித் துப்பினாள். உப்பளத்துப் பாத்தி மாதிரி கரித்தது. இன்னொரு நாள் பரணிலிருந்து ஒரு ஓணான் தண்ணீருக்குள் விழுந்தது. அது துடிக்கக்கூட இல்லை. விழுந்தபடியே விறைத்துக் கிடந்தது. அன்றிலிருந்து கரெண்டு ஓடும்போது தொட்டிப் பக்கம் போகாமல், மோட்டார் அறை வாசல் நிழலிலேயே உட்கார்ந்துகொள்வாள்.

பீஸ் போக ஆரம்பித்தது. கட்டையில் கட்டிய ஒற்றைக் கம்பி சடக்கென்று உருகி அறுந்துவிடும். பாதி அவிப்பில் நின்றால் நெல் சரியாக வேகாமல் அரிசி நொறுங்கிவிடும். அவள் கம்பியை இரட்டையாக முறுக்கிக் கட்டினாள். அதுவும் போயிற்று. ஒரு பழைய வயரை உரித்து, உள்ளே இருந்த செம்புக் கம்பியைக் கற்றையாக முறுக்கிக் கட்டினாள். அதற்கப்புறம் போகவில்லை.

முறை முடிந்து பையை மரத்தில் மாட்டும்போது பழையபடி ஒற்றைக் கம்பி கட்டித்தான் மாட்ட வேண்டும். மோட்டாருக்கு ஏதாவது கோளாறு என்றால் முதலில் அந்தக் கம்பிதான் உருகி மோட்டாரைக் காப்பாற்றும். அது அவளுக்குத் தெரியும். முதல் இரண்டு முறை மாற்றியும் கட்டினாள். மூன்றாம் முறை, அவனுக்காக நான் ஏன் கையை அறுத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. அப்படியே மாட்டிவிட்டு வந்துவிட்டாள்.

மாசி மத்தியில் குருநாதன் முறை நாளில் லைனில் இருக்கும் மூன்று பேஸில் ஒன்றில் கரெண்டு போய்விட்டது. அந்தப் பக்கம் அடிக்கடி நடப்பதுதான். ஒற்றைக் கம்பி கட்டியிருந்தால் பீஸ் போய் மோட்டார் நின்றிருக்கும். இது நிற்கவில்லை. உறுமிக்கொண்டே சுற்றாமல் கிடந்து, உள்ளே சுற்றியிருந்த காயில் கம்பி கருகி, மோட்டார் அறையெல்லாம் வார்னிஷ் நாற்றம் அடித்தது. அவன் ஓடிவந்து கட்டையைப் பிடுங்கிப் பார்த்தான். உள்ளே சுண்டுவிரல் தடிமனுக்குச் செம்புக் கற்றை இருந்தது.

அன்றைக்கு அவன் போட்ட சத்தத்தில் கரையில் இருந்த கொக்கெல்லாம் எழும்பிவிட்டது. ஆடு, மரம் எதுவும் இல்லாமல் கிணற்றுக்குள் குனிந்து, சத்தம் கேட்டு ஆட்டோடு வந்து நின்ற சோணையம்மாளின் காதில் விழும்படி கத்தினான்.

"கிணறே! கேட்டுக்க! காயில எரிச்சவுகதான் கட்டிக் குடுக்கணும்! வேணும்னே செஞ்ச வேலை இது!"

"கருப்பி, யார் முறையில எரிஞ்சுச்சாம்? முறைக்காரன் காவல் இருக்கணுமா, அடுத்த வீட்டுக்காரி காவல் இருக்கணுமா?"

"கம்பியக் கட்டுனது ஆரு?"

"பிரிச்சுப் பாக்காம மாட்டுனது ஆரு கருப்பி?"

"எம் மொளகா சாகுது!"

"எம் புருஷன் செத்தப்ப சர்வீஸக் கேட்ட வாயி, இப்ப மொளகாய்க்கு அழுகுது பாத்தியா!"

பரமக்குடிக்கு மோட்டாரை அனுப்பி வேறு காயில் கட்ட வேண்டும். இரண்டு பேருக்கும் பொதுவான மோட்டார். நீ அனுப்பு, நான் அனுப்ப மாட்டேன் என்று யாரும் அனுப்பவில்லை. கருகிய மோட்டார் கிணற்றடியிலேயே கிடந்தது. பூ உதிர்ந்து, பிஞ்சு சுருங்கி, குருநாதனின் மிளகாய்த் தோட்டம் நாளுக்கு நாள் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. தண்ணீர் இறைக்கத்தான் மோட்டார் வேண்டும். தொட்டிக்கு மோட்டார் வேண்டாம். சோணையம்மாள் கயிறும் வாளியுமாக இறைத்து, தன் முறை நாளில் அவிப்பை நடத்திக்கொண்டே இருந்தாள். எதிர்க்கரையில் காய்கிற செடிகளுக்கு முன்னால் வெள்ளையாக ஆவி எழும்பியது. அது அவன் கண்ணில் எப்படிக் குத்தும் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்து சந்தோஷப்பட்டாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சந்தோஷத்தைக் கெடுத்தது சேதுலட்சுமிதான். வாய்க்கால் தலைமாட்டில் குருநாதனுடைய விதைப் பாத்தி இருந்தது. அடுத்த வருட விதைக்கென்று பொறுக்கி விட்ட குண்டு மிளகாய்ச் செடிகள். தோட்டம் போனாலும் விதை போகக்கூடாது என்று, சேதுலட்சுமி ஊருணியிலிருந்து இடுப்பிலும் தலையிலுமாகக் குடம் சுமந்து அந்தப் பாத்திக்கு ஊற்றினாள். காலையிலும் சாயங்காலமும் நடந்து நடந்து அவள் பாதம் வெடித்துப்போயிற்று. அந்தப் பாத்தி மட்டும் பச்சையாக நின்றது. போகிற வழியில் அப்போதும் கருப்பிக்கு ஒரு பிடி கீரை கொடுத்தாள். சிரிப்பு மட்டும் குறைந்திருந்தது. இந்தச் சனிக்கிழமை கழியட்டும், மோட்டாரை நாமே பரமக்குடிக்கு ஏற்றி அனுப்பிவிடுவோம் என்று சோணையம்மாள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அவனுக்காக இல்லை, அந்தப் பெண்ணுக்காக.

சனிக்கிழமைக்கு முன்னால் குருநாதன் வந்துவிட்டான்.

நல்ல வெயில். தொட்டி உறுமிக்கொண்டிருந்தது. சாக்குக்கு மேலே ஆவி திரண்டு நின்றது. சோணையம்மாள் மோட்டார் அறை வாசலில் உட்கார்ந்து முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வரப்பில் அவன் வந்த வேகத்தைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள். வெறுங்கால், கையில் கடப்பாரை.

"ஏ தொட்டி! எம் பயிரக் கொன்னுட்டு நீ மட்டும் கொதிக்கிறியா? இன்னைக்கோட நீ தீந்த!"

கடப்பாரையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினான். தொட்டியைச் சுற்றி வழிந்த தண்ணீரில் தரை சேறாக இருந்தது. அதில் அவன் பாதம் இரண்டும் பதிந்து நின்றன. கடப்பாரை சாக்கைக் கிழித்து, நெல்லுக்குள் இறங்கி, தண்ணீரைத் தொட்டால் முடிந்தது. சோணையம்மாளுக்கு அந்த ஓணான் ஞாபகம் வந்தது. போகட்டுமே என்றும் ஒரு நினைப்பு வந்தது. வந்தது நிஜம். கருப்பி பக்கத்தில்தான் நின்றது. ஆட்டைக் கூப்பிட்டு, ஆட்டிடம் சொல்லி, அது அவன் காதில் விழுவதற்கு நேரமில்லை.

"குருநாதா! தொடாதலே! கரெண்டு ஓடுது, செத்துப்போவ!"

அவன் அப்படியே நின்றான். கரெண்டு என்ற சொல்லுக்காக நிற்கவில்லை. மதினி வாயிலிருந்து அவன் பெயர் வந்ததுதான் அவனை நிறுத்தியது. கடப்பாரை தலைக்கு மேலேயே நின்றது.

அவள் உள்ளே பாய்ந்து பலகையிலிருந்து கட்டைகளைப் பிடுங்கினாள். கற்றைக் கம்பி பழுக்கக் காய்ந்திருந்தது. உள்ளங்கைத் தோல் அதில் ஒட்டிக்கொண்டு வந்தது. மூன்றையும் வாசலில் விட்டெறிந்தாள். தொட்டியின் உறுமல் அடங்கியது. ஆவி மட்டும் இன்னும் எழும்பிக்கொண்டிருந்தது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நேராகப் பார்த்தார்கள். குருநாதன் கடப்பாரையை இறக்கினான். தரையில் கிடந்த கட்டைகளைப் பார்த்தான். அவள் கையைப் பார்த்தான். தன் பாதத்துக்குக் கீழே இருந்த சேற்றைப் பார்த்தான். எல்லாம் அவனுக்குப் புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்வான் என்று அவள் நினைத்தாள். "மதினி" என்று ஒரு சொல் போதும். மோட்டார், முள், கருமாதி எல்லாவற்றையும் விட்டுவிட அந்த நிமிஷம் அவள் தயாராக இருந்தாள்.

குருநாதன் கடப்பாரையைத் திருப்பிப் பிடித்து, தொட்டியின் அடி வயிற்றில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினான். மறுபடியும் குத்தினான். கரெண்டு இல்லை என்று இப்போது அவனுக்குத் தெரியும். சிமெண்டு பிளந்து, கொதிக்கிற செந்தண்ணீர் பொளபொளவென்று வெளியே பாய்ந்தது. பரண் சரிந்து, பாதி அவிந்த நெல் சேற்றில் கொட்டியது. அவை அவளுடைய கடைசி மூட்டைகள்.

தண்ணீர் வாய்க்காலில் இறங்கி நெளிந்து ஓடியது. பல நாளாகத் தண்ணீரையே காணாத வாய்க்கால். அதைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. முன்னால் ஓடிப்போய், விதைப் பாத்தியின் மடையைக் கடப்பாரையால் கிழித்துவிட்டான்.

"ஏ மொளகா! குடி! அவுக தொட்டித் தண்ணி உனக்குத்தான். அதே கிணத்துத் தண்ணிதான, குடி!"

அதே கிணற்றுத் தண்ணீர் இல்லை அது. எத்தனையோ அவிப்புத் தண்ணீர் ஆவியாகப் போய், எல்லா உப்பும் அடியில் தங்கி நின்ற தண்ணீர். பாத்திக்குப் போவதற்குள் சூடு ஆறிவிடும். உப்பு ஆறாது. சோணையம்மாள் அதை நாக்கில் வைத்துப் பார்த்தவள். மடையை அடைக்க ஒரு மண்வெட்டி மண் போதும். அவள் வாயைத் திறந்தாள். சேற்றில் கிடந்த நெல்லைப் பார்த்தாள், வெந்துபோன உள்ளங்கையைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். செந்தண்ணீர் பச்சைச் செடிகளின் தூரில் போய்ச் சுற்றி நின்றது.

செடிகள் மறுநாளே தலை தொங்கின. அடுத்த நாள் இலை ஓரம் தீய்ந்து, அதற்கடுத்த நாள் தண்டு வரை கருகியது. பாத்தி மண்ணில் வெள்ளையாகப் பூத்தது.

அன்று சாயங்காலம் சோணையம்மாள் கையில் சுற்றிய துணியோடு, சேற்றில் ஒட்டிய நெல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். முன்னால் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் சேதுலட்சுமி. கையில் வேரோடு பிடுங்கிய ஒரு மிளகாய்ச் செடி. இடுப்பில் குடம் இல்லை, கீரையும் இல்லை.

"அக்கா" என்றாள் அவள். கல்யாணமாகி வந்து சில மாதம் அப்படிக் கூப்பிட்டது, அதற்கப்புறம் இப்போதுதான். "அவரு உசுர நீங்க காப்பாத்துனீகன்னு அவரே சொன்னாரு. ஊரெல்லாம் சொல்ல மாட்டாரு, எங்கிட்ட சொன்னாரு. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அந்தத் தண்ணி பாத்தியில ஏறையில நீங்க இங்கனதான நின்னீக?"

"நின்னேன்."

"அது கொல்லும்னு தெரியுமா?"

சோணையம்மாளுக்கு எதையாவது சொல்லிச் சமாளித்துவிடலாம் என்றுதான் இருந்தது. அந்தப் பெண்ணின் வெடித்த பாதத்தைப் பார்த்த பிறகு பொய் வரவில்லை.

"தெரியும்" என்றாள். "அவன் ஒரு வார்த்த சொல்லலையே தாயி. எங் கையப் பாத்துட்டுத்தான் இடிச்சான்."

"அவரு இடிச்சாரு. குடம் தூக்குனது அவரு இல்லையே."

சோணையம்மாள் எழுந்திருக்கப் பார்த்தாள். "ஏத்தா, நான் ஒன்ன நெனச்சுத்தான் மோட்டார—"

சேதுலட்சுமி அவளைப் பார்க்கவில்லை. செடியைக் கீழே போட்டுவிட்டு, கீரைக்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்ற ஆட்டின் பக்கம் முகத்தைத் திருப்பினாள். அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. சொல் திக்கித் திக்கித்தான் வந்தது.

"ஏ கருப்பி" என்றாள். "ஒங்க வீட்டு அம்மாகிட்டச் சொல்லு. இனிமே என்னய ஆத்தா, தாயின்னு கூப்புட வேணாமுன்னு."